எனக்கும் இதில் பாடு உண்டு

அந்தப் புகார் மனுவின் கடைசிப் பக்கத்தில் ஐம்பது பேராவது கையெழுத்துப் போட்டிருப்பார்கள். முதல் கையெழுத்து என் மனைவியின் அண்ணனுடையது. பேனாவைத் துடுப்பு மாதிரி பிடித்து எழுதுகிற மனிதர் அவர். எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி பக்கத்தைத் திருப்பினேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆலை வரலாமா, பாலம் கட்டலாமா என்று அரசுக்கு ஆலோசனை சொல்ல நிபுணர் குழுக்கள் உண்டு. அப்படி ஆலோசனை சொல்பவருக்கே அந்த விஷயத்தில் சொந்த லாபமோ உறவோ இருக்கிறது என்று புகார் வந்தால், உண்மையா என்று விசாரிப்பது எங்கள் பிரிவு. கேட்பதற்குப் பெரிய வேலை மாதிரி இருக்கும். பெரும்பாலும் யாருக்கு யார் சம்பந்தி, யார் வீட்டு மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறான் என்று தேடுவதுதான். கல்யாணத் தரகருக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், அவருக்குச் சாப்பாடு போடுவார்கள்.

புகார் இதுதான். எண்ணூர் உப்பங்கழியில் ஒரு வளைவைத் தூர்த்துக் கிடங்கு கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. நிபுணர் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், தூர்த்தால் மீன்பிடிப்புக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நிறுவனத்துக்காக ஆய்வு செய்து அறிக்கை தயாரித்த இடத்தில் அவருடைய மருமகன் ஒரு பங்குதாரர். இது நிரூபணமானால் பேராசிரியர் சொன்ன ஆலோசனை செல்லாது, வளைவு தப்பிக்கும். நிரூபணமாகாவிட்டால் மண் லாரிகள் வந்துவிடும். அந்த வளைவில்தான் என் மச்சான் இறால் பிடிக்கிறார்.

கழியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருப்பார்கள். தகராறு வந்தால் ஊர்ப் பெரியவர்கள் அம்மன் கோயில் கொட்டகையில் உட்கார்ந்து பேசுவார்கள். எந்த இடத்தைப் பற்றிப் பேச்சோ, அந்த இடத்தில் பாடு உள்ளவர், 'எனக்கு இதுல பாடு கீது' என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும். மகனுக்கோ மருமகனுக்கோ பாடு இருந்தாலும் அதே கதைதான். தீர்ப்பு சொல்லி முடிக்கும்வரை டீக்கடையில் போய் உட்கார்ந்திருப்பார். யாரும் அவரைப் பார்த்து உனக்கு இதில் என்ன என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் அது அவமானம். அவராகவே எழுந்திருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம்தான் அவர்களைக் கவிழ்த்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தபோது பேராசிரியர் மேடையில் உட்கார்ந்து கழியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "குந்திகினு கீறாரே மாப்ள, அப்ப அவருக்கு அதுல ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?" என்று மச்சான் பிறகு என்னிடம் சொன்னார். போதாக்குறைக்கு இளநீர் வேறு வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

உண்மையைக் கண்டுபிடித்தது மச்சானின் மனைவி. அயனாவரம் பக்கம் வீடு வீடாகப் போய் மீன் விற்பவர் அவர். வாடிக்கையாகப் போகும் ஒரு வீட்டில், தண்ணீர் கேட்டு வாசலில் நின்றபோது கூடத்துச் சுவரில் பேராசிரியரின் படத்தைப் பார்த்திருக்கிறார். யாரும்மா இவரு என்று கேட்டதற்கு, எங்கப்பா என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அவள் கணவன், நிறுவனத்துக்கு அறிக்கை தயாரித்த இடத்தில் இருப்பது இவருக்கு முன்பே தெரியும். ஒன்றும் சொல்லாமல் மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டு வந்துவிட்டார். "நல்ல பொண்ணு. எப்ப போனாலும் காப்பி குடுக்கும்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு மீன் கூடையைக் கழுவப் போய்விட்டார்.

மனு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் என் மேசையில் வந்து விழுந்தது. அன்றைக்கே மேலதிகாரியிடம் போய், சார், இது என் மச்சான் ஊர், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். விதியும் அதுதான், நியாயமும் அதுதான். நான் சொல்லவில்லை. எங்களுடையது காதல் கல்யாணம். நான் தண்டையார்பேட்டைக்காரன், அவள் எண்ணூர்க் கடற்கரைக் குப்பத்துப் பெண். என் பெயரை வைத்தோ முகத்தை வைத்தோ யாராலும் எங்களை முடிச்சுப் போட முடியாது. அதோடு, நான் விட்டால் கோப்பு பக்கத்து மேசைக்குப் போகும். பக்கத்து மேசைக்காரர் 'ஆதாரம் போதவில்லை' என்ற இரண்டு சொல்லை வைத்தே பாதி சர்வீஸை ஓட்டியவர். யாருக்கும் தெரியப்போவதில்லை, நல்லது நடக்கப்போகிறது, இதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மகா யோக்கியனாக நடந்துகொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து மச்சான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தூக்குச்சட்டி இறால் கொண்டுவந்து கொடுப்பார். கோப்பு வந்த வாரம் அவரை வாசலிலேயே நிறுத்தி, விவரம் சொல்லி, கோப்பு முடியும்வரை வேண்டாம் மச்சான் என்று திருப்பி அனுப்பினேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உங்கையிலயா கீது? அப்ப வேணாம், வேணாம்" என்று தூக்குச்சட்டியோடு ஓட்டமாய் வண்டியில் ஏறினார்.

என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள், வாரத்தில் ஒரு நாள்தான் லீவு, அந்த ஒரு நாளும் அண்ணன் இறால்தான் அவளுக்குப் பண்டிகை. கோபம் வந்தால் என்னை யோவ் என்பாள், மற்றபடி என்னங்க. அன்று நாள் முழுக்க யோவ்தான்.

"எங்கண்ணன் குடுக்கற எறா லஞ்சமாயா?"

"சட்டம் அப்படித்தான் சொல்லுது."

"சட்டத்தயே கொயம்பு வெச்சித் துன்னு" என்று ரசத்தை ஊற்றிவிட்டுப் போனாள்.

பேராசிரியர் விசாரணைக்கு வந்தது அதற்கு அடுத்த வாரம். கனவான் ஒருவரை எதிர்பார்த்து நான் கேள்விகளைக் கூர் தீட்டி வைத்திருந்தேன். துணிப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மாத்திரை போட வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டபடி உட்கார்ந்தார் ஒரு முதியவர். மருமகன் விஷயத்தைக் கேட்டதும் ஒளிக்கவில்லை.

"மாப்பிள்ளை அங்க இருக்கறது உண்மைதான். ஆனா அது எனக்கு ஒரு விஷயமாவே தோணலை சார். நான் தண்ணியைத்தான் பார்த்தேன். கணக்கைத்தான் பார்த்தேன். அவர் இல்லைன்னாலும் இதையேதான் எழுதியிருப்பேன்."

"அறிக்கை உங்க மாப்பிள்ளை இடத்துல இருந்து வந்ததுன்னு தெரிஞ்சும் குழுவுல சொல்லலையே சார்?"

"சொன்னா என்னை எடுத்துடுவாங்க. எனக்கு அப்புறம் வர்றவருக்கு இந்தக் கழியைப் பத்தி என்ன தெரியும்? நான் முப்பது வருஷமாப் பார்க்கற தண்ணி."

வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்த என் கை அங்கே ஒரு நொடி நின்றது. அவர் பொய் சொல்லவில்லை. தன்னைத் தானே முழுசாக நம்பினார். அது எனக்குப் பயமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவர், மகள் முதல் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இந்த நேரத்தில் நோட்டீசை வீட்டுக்கு அனுப்பாமல் என் கையில் கொடுத்தால் தேவலை என்று கேட்டார். சரி என்றேன். என் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மனிதர் மேல் கோபப்பட முடியவில்லை.

சாயந்திரம் மெட்ரோவை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்து, வழக்கத்துக்கு மாறாக மனைவியிடம் அலுவலகக் கதை பேசினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"பாவம்ங்க அந்த மன்ஷன்" என்றாள். "ஆனா எய்ந்து போயிருக்கணும்ல?"

"ஆமா. எழுந்திருக்கணும்."

"அப்ப நீங்க?"

நான் பக்கத்து மேசைக்காரரைப் பற்றிச் சொன்னேன். நான் எழுந்தால் கோப்பை அவர் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவார் என்றேன். அவள் கீரைக் கட்டைக் கீழே வைத்தாள்.

"எய்ந்து போறவன், அப்பால யாரு குந்தப்போறான்னு பாத்துட்டா எய்ந்து போவான்? எங்கூர்ல அப்டி ஒருத்தன் பாத்தான்னு வெய்ங்க, ஒருத்தனும் எய்ந்திருக்கவே மாட்டான்."

"உங்கண்ணன் பொழப்புடி."

"எங்கண்ணன் பொயப்புன்னு எனுக்குத் தெர்யாதா?" என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எறா வேணாம்னு அம்மாம் பெருசா சொன்னியே. அத்த வாங்கித் துன்னுட்டு ஃபைல வேற ஆளுகிட்ட குடுத்திருக்கலாம்யா நீ."

எனக்குக் கோபம் வந்தது. நான் யாருக்காக இதெல்லாம் செய்கிறேன், இவள் வீட்டாருக்காகத்தானே, இவளே எனக்கு நியாயம் சொல்கிறாளே என்று பொருமிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். பத்து நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டேன். கோபத்துக்கு அடியில் ஒன்றும் இல்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் கடிதம் எழுதினேன். புகார்தாரர்களில் முதலாமவர் என் மனைவியின் அண்ணன், தூர்க்கப்பட இருக்கிற வளைவில் அவருக்குப் பாடு இருக்கிறது, அதனால் எனக்கும் இதில் பாடு உண்டு. 'பாடு' என்ற சொல் அலுவலக நடையில் இல்லை என்று தட்டச்சர் அதை 'நலன்' என்று திருத்தினார். பதினோரு நாள் சொல்லாமல் வைத்திருந்தது என் தவறு என்றும் எழுதினேன்.

மேலதிகாரி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்குய்யா தெரியப்போகுது? உனக்கு ஏன் இந்தப் பேஜாரு?" என்றார். சொந்த ஊர் ராயபுரம், நேரம் கெட்ட நேரத்தில் ஊர்ப்பாஷை வந்துவிடும். ஆனாலும் கடிதத்தைக் கோப்பில் சேர்த்தார். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோவும் வந்தது. அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டபோது ஒரு பல்லைப் பிடுங்கியது போல வலியும் நிம்மதியும் சேர்ந்தே இருந்தன.

மச்சானிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். கழிக்கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உங்கையில இருந்துச்சு மாப்ள. நம்மாளு கையில கீதுன்னு ஊரே தெம்பா கீறாங்க. யாரோ ஒர்த்தர்கிட்ட குடுத்துட்டு வந்து சொல்ற."

"ஊர்ல நீங்க எழுந்து போவீங்க இல்ல மச்சான்?"

"ஊர்ல எய்ந்து போனா, உள்ள குந்திகினு இருக்கறவன் நம்மூர்க்காரன். உங்காபீஸ்ல குந்திகினு கீறது யாரு?"

  அவர் சொன்னது தப்பு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மன் திருவிழாவுக்கு அழைப்பு என் மனைவியின் பெயருக்கு மட்டும் வந்தது. அவள் தனியாகப் போய், சாயந்திரமே திரும்பி வந்து, தலைவலி என்று படுத்துக்கொண்டாள். ஒரு நாளும் அவள் என்னைக் குறை சொல்லவில்லை. நீ சொல்லித்தானே செய்தேன் என்று நானும் சொல்லவில்லை. சொல்ல நாக்கு வரை வந்ததுண்டு; அந்த அளவுக்கு நான் நல்லவன் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கோப்பு பக்கத்து மேசைக்குப் போகவில்லை. வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒரு அதிகாரியம்மாவிடம் போனது. அவர் நான் வாங்கிய வாக்குமூலம், நான் தயாரித்த குறிப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேன்டீனில் நான் உட்கார்ந்த பெஞ்சில்கூட உட்காரவில்லை. எனக்கு ஆத்திரமாக வரும். அவர் செய்வது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் ஆத்திரம் வரும்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு நாள் அவரே கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆணை நேத்து கையெழுத்தாயிடுச்சு. இனிமே உங்ககிட்ட பேசலாம்" என்றார். பேராசிரியரின் ஆலோசனை ரத்து. அவர் இல்லாத புதுக் குழு மறுபடி ஆய்வு செய்ய வேண்டும். பேராசிரியர் எதிர்த்து வாதாடவில்லையாம். மருமகன் விஷயத்தைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு, மாத்திரைக்கு வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம்.

பிறகு கோப்பைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். "இதை நீங்க பார்க்கணும். நான் நடத்தின முதல் விசாரணை அன்னிக்கே நிறுவனத்தோட வக்கீல் கொண்டுவந்தது. இந்த விசாரணையே செல்லாது, விசாரிச்ச ஆளே குப்பத்து மருமகன், மறைச்சிருக்காருன்னு எழுதிக் கொண்டுவந்திருந்தார். நான் உங்க லெட்டரைக் காட்டினேன். தேதியைப் பார்த்தார். பதினோரு நாளைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் பேசினார். நீங்க தொட்ட ஒரு தாளைக்கூட நான் பயன்படுத்தலைன்னதும் போட்டோவை இங்கேயே வெச்சுட்டுப் போயிட்டார்."

ஒரு வண்ணப் புகைப்படம். சில வருடங்களுக்கு முன்பு அந்த நிறுவனம் குப்பத்தில் நடத்திய இலவசக் கண் சிகிச்சை முகாமில், அவர்களுடைய ஆளே எடுத்தது. வரிசையில் என் மாமியார் நிற்கிறார். ஒரு கண்ணில் பச்சைத் துணிக்கட்டு. மறு கண் சிரிக்கிறது. பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான்.

நான் எழுந்திருக்காமல் இருந்திருந்தால் அந்தப் படம் ஒன்று போதும், எல்லாவற்றையும் மூழ்கடிக்க. எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஏனென்றால் நான் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. மச்சான் வீட்டில் வெள்ளம் புகுந்தபோது இருந்த படமெல்லாம் சேற்றோடு போய்விட்டது. மாலை போட்டு மாட்டி வைத்திருப்பது ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கிய படம். அதில் அவர் யாரோ திட்டியது போல முறைத்துக்கொண்டிருப்பார். சிரிக்கிற மாமியார் இந்த உலகத்தில் அந்தக் கோப்புக்குள் மட்டும்தான் இருந்தார்.

"மேடம், இதில் ஒரு காப்பி கிடைக்குமா?"

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்ததைக் கவனித்திருப்பார். "மனு போடுங்க" என்றார்.

மனுப் போட்டேன். ஒரு வாரம் கழித்து, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திய ஒரே ஒரு ஜெராக்ஸ் தாள் வந்தது. மாமியாரின் தோள்மேல் பாதி முத்திரை விழுந்திருந்தது. என் மனைவி அதைத் தரையில் வைத்து, இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றி, வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "எங்கண்ணன்கிட்ட காட்டிட்டு ஒய்ங்கா திருப்பி எத்துகினு வந்துருங்க" என்றாள்.

மச்சான் கரையில் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆணை வந்த செய்தி ஊருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனாலும் என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. நான் தாளை நீட்டி, யார் கொண்டுவந்தது, எதற்குக் கொண்டுவந்தது என்று சொன்னேன். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"அம்மா" என்றார்.

முத்திரை விழுந்த தோளை விரலால் தடவினார்.

"கண்ணு ஆபரேசன் அன்னிக்கு நான் கடலுக்குப் போயிருந்தேன். நீயா மாப்ள இட்னு போன?"

"ஆமா மச்சான். லீவு போட்டேன்."

"யாருமே சொல்லலியே எனுக்கு. அம்மா கூட சொல்லல பாரேன்."

தலையைக் குனிந்துகொண்டு அழுதார். தாள் நனையாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகில் கை வைத்தேன். எனக்கும் அழுகை வந்தது.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துப் பித்தானையும் போட்டுக்கொண்டார். அதைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். என் மனைவி என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், சாப்பாடு போட்டாள். மறுநாள் காலை அலுவலகம் போனதும் முதல் வேலையாக, அதே படத்துக்கு இன்னொரு நகல் கேட்டு மனு எழுதினேன். காரணம் என்று இருந்த இடத்தில், என் மனைவிக்கு வேண்டும் என்று எழுதினேன்.